குடல்வால் நின்ற பக்கம்

நவம்பர் 3, திங்கள்

ஆறு ஐம்பது பஸ் போய்விட்டது. அடுத்ததில் நின்றுகொண்டே திண்டிவனம். பதினெட்டு வருடமாக விழுப்புரத்திலிருந்து இதே ரோட்டில் போய் வருகிறேன். சீட் கிடைத்து உட்கார்ந்தாலும் மனசு மட்டும் எழுந்து நின்றுகொண்டே வரும்.

கடைசி இரண்டு பீரியட் திருப்புதல். பிளஸ் டூ நர்சிங் குரூப், இருபத்தொன்பது பெண்கள். சாப்பாட்டுக்கு அப்புறம் புத்தகத்தைத் திறந்தால் பாதிப் பேருக்குக் கண் சொக்கிவிடும். அதற்காகத்தான் இந்த விளையாட்டையே ஆரம்பித்தேன். கரும்பலகைச் சுவரில் தொங்கும் மனித உடல் படத்தைப் பார்த்து, கட்டம் போட்டு, வகுப்புத் தரையில் பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஓர் உடம்பு வரைந்தேன். தலை கரும்பலகைப் பக்கம், கால் பின்சுவர்ப் பக்கம். சாக்பீஸ் தினமும் அழிகிறதென்று பச்சை பெயிண்டால் அதன் மேலேயே கோடு இழுத்தாயிற்று. பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு, நான் ஓர் உறுப்பின் பெயர் சொன்னால் அந்தப் பெண் ஓடிப்போய் அதன் இடத்தில் நிற்க வேண்டும். மல்லாட்டை உருண்டை, அதாவது கடலை உருண்டை, ஒன்று வாயில் தொடங்கி, கைமாறி, உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல் என்று இறங்கிவரும். கையில் வாங்குகிறவள் தான் என்ன வேலை செய்கிறேன் என்று சொல்ல வேண்டும்.

மலக்குடலாக நிற்கத்தான் ஒருத்தியும் வருவதில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டால் இன்றைக்கும் தேவயானிக்கே வந்தது.

"மிஸ், போன வாரமும் நானுதான்."

"உனக்குன்னே எழுதி வெச்சிருக்குதுடி," என்று யாரோ சொல்ல, வகுப்பே உருண்டது. அவளை இதயத்துக்கு மாற்றினேன்.

அருணாவுக்கு எப்போதும் குடல்வால். மரக்காணத்துப் பக்கம் குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பெண். ஜன்னல் ஓரமாக, பெருங்குடல் தொடங்கும் இடத்தில் நிற்பாள். வேலை ஒன்றும் இல்லாத உறுப்பு, உருண்டை அவள் கைக்கு வராது. பெயரே குடல்வால் என்று ஆகிவிட்டது. இன்று அவள் கையைத் தூக்கினாள்.

"மிஸ், நெஞ்சு இந்தக் கைப் பக்கம்தான அடிக்குது? தேவயானி அந்தப் பக்கம் நிக்கிறா."

பெல் அடிக்க நாலு நிமிடம். நான் சுவரைக் காட்டினேன். "படத்தப் பாரு. படத்துல எந்தப் பக்கம் இருக்குது?"

பார்த்தாள். "வராண்டா பக்கம்தான் மிஸ்."

"அப்புறம் இன்னா? ஜல்தி நில்லு."

"குடல்வாலுக்கு நெஞ்சு வலிக்குதாம் மிஸ்," என்றாள் தேவயானி. எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

நவம்பர் 5, புதன்

சிறு தேர்வு திருத்தி முடித்தேன். செரிமான மண்டலம் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்லியிருந்தேன். இருபத்தொன்பதில் இருபத்தேழு பேர் ஒரு பிழை இல்லாமல் போட்டிருக்கிறார்கள். போன வருடம் இதே தேர்வில் ஒன்பது பேர்.

தலைமையாசிரியை சவுரியம்மாள் மேடம் வந்து, செல்போனில் விளையாட்டை வீடியோ எடுத்தார். இருபத்தெட்டாம் தேதி விழுப்புரத்தில் மாவட்ட ஆசிரியர் பயிற்சி. அதில் நான் செய்து காட்ட வேண்டுமாம். "நர்சிங் குரூப்புன்னா இளப்பமா பாக்கறாங்க இல்ல சூர்யகலா? பாக்கட்டும்," என்றார்.

சந்தோஷம்தான். ஆனாலும் திரும்பி வரும்போது கூட்டேரிப்பட்டு தாண்டும்வரை எதையோ பள்ளிக்கூடத்திலேயே வைத்துவிட்டு வந்த மாதிரி பையைத் துழாவிக்கொண்டே இருந்தேன். எல்லாம் பையில்தான் இருந்தது.

நவம்பர் 10, திங்கள்

மழை. அருணா வரவில்லை. ஜன்னல் ஓரம் காலியாக இருந்தது. குடல்வால் இல்லாமலும் மனுஷன் இருக்கலாம் என்று சொல்லி ஆட்டத்தை நடத்தினேன்.

நவம்பர் 12, புதன்

மூன்றாவது நாளாக அருணா இல்லை. தேவயானியைக் கேட்டேன். "அவங்க அம்மாவுக்கு ஆப்ரேசன் மிஸ். முண்டியம்பாக்கத்துல வெச்சிருக்காங்க. வயிறு."

வயிறு என்றால்? அவளுக்கு அதற்கு மேல் தெரியவில்லை.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி என் பஸ் போகிற வழி. காலையும் மாலையும் வாசலைத் தாண்டித்தான் போகிறேன். நாளைக்கு இறங்க வேண்டும்.

நவம்பர் 13, வியாழன்

இறங்கினேன். ஆரஞ்சு ஒரு கிலோ வாங்கினேன். அருணாவின் அம்மாவுக்கு இன்னும் கஞ்சித் தண்ணீர்தான் என்று அங்கே போனபின்தான் தெரிந்தது. நர்சிங் படித்து, மூன்று வருடம் வார்டில் வேலை பார்த்தவள் நான். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

அந்த அம்மா, கெங்கம்மாள், ஒல்லியானவர். கூடையில் மீன் எடுத்துப்போய் விற்கிறவர். வயிற்றிலிருந்து டியூப், பக்கத்தில் பை. குடல்வால் வெடித்துச் சீழ் பரவிவிட்டது. ஞாயிறு சாயங்காலம் கொண்டுவந்ததும் உடனே அறுத்திருக்கிறார்கள். இரண்டு நாள் நினைவு சரியாக இல்லை. இப்போது கண் திறந்து பார்க்கிறார், பேசத்தான் தெம்பில்லை.

அப்பாதுரை, அருணாவின் அப்பா, எழுந்து நாற்காலியை எனக்குத் தள்ளினார். "வெள்ளிக்கிழமையே வலி வந்துட்சிங்க டீச்சர். தொப்புளண்ட ஆரமிச்சி கீழ எறங்கிச்சி. என் தங்கச்சி பாத்துட்டு அப்பண்டிஸா இருக்கப் போவுது, தூக்கிக்கினு போங்கன்னு சொல்லிச்சி. இதான், அது இல்லன்னு..." என்று மகளைப் பார்த்தார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் தேவலை.

அருணா என்னை வராண்டாவுக்குக் கூட்டிப்போனாள்.

"நான்தான் மிஸ் வேணாம்னேன். அம்மாவுக்கு வலது பக்கம் வலி. அப்பண்டிஸ் இடது பக்கம் இருக்குது, எனக்குத் தெரியாதா, நானே அதுலதான் நிக்கிறேன்னு சொல்லிட்டேன். வாய்வுன்னு ஓமத் தண்ணி குடுத்தேன். சுடுதண்ணி ஒத்தடம் வேற மிஸ். ரெண்டு நாளு." இடது கையைத் தூக்கிக் காட்டினாள். "ஜன்னல் பக்கம். இந்தக் கைப் பக்கம்தான மிஸ் நிப்பேன்? எப்படி மாத்தி நெனச்சேன்னே தெரியல. வலது எடது தெரியாதவ நர்சுக்குப் படிக்கக் கூடாது. எனக்கு வராது மிஸ்."

அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். "அழாத," என்றேன். அவள் அழவே இல்லை.

நவம்பர் 14, வெள்ளி

இன்றைக்கு ஏழே முக்காலுக்கே பள்ளிக்கூடம் போய்விட்டேன். வாட்ச்மேன்தான் வகுப்பைத் திறந்துவிட்டார்.

அருணா நிற்கிற இடத்தில் போய் நின்றேன். எல்லாப் பெண்களும் நிற்பதுபோல, கரும்பலகையைப் பார்த்து. என் இடது கைப் பக்கம் ஜன்னல்.

பிறகு, யாரும் வருகிறார்களா என்று பார்த்துவிட்டு, தரையில் மல்லாக்கப் படுத்தேன். கரும்பலகைப் பக்கம் தலை. என் வலது கைப் பக்கம் ஜன்னல்.

அவ்வளவுதான். படத்தில் தப்பில்லை. படம் நம்மைப் பார்த்து நிற்கிற ஆள். அதன் வலது பக்கம் நமக்கு இடது கைப் பக்கம் இருக்கும். அதைப் பார்த்துத் தரையில் வரைந்ததும் சரிதான். ஆனால் அந்த உடம்புக்குள் பெண்களைக் கரும்பலகையைப் பார்க்க நிறுத்திவிட்டேன். ஒரு மாதமாக ஒவ்வொருத்தியும் தன் உடம்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். தாளில் வரையும்போது தப்பே வராது, ஏனென்றால் தாள் படத்தைப் போலத்தான். பரீட்சையில் இருபத்தேழு பேர். மனுஷ உடம்பில் எத்தனை பேர்?

இரண்டாவது பீரியடில் கேட்டுவிட்டேன். "எல்லாரும் கண்ண மூடுங்க. உங்க குடல்வால் எங்க இருக்கோ அங்க கைய வைங்க."

இருபத்தெட்டுப் பேர். இருபத்து மூன்று கைகள் இடது பக்கம்.

அவர்கள் கண் மூடியிருந்தார்கள். நான் மட்டும்தான் பார்த்தேன். "சரி, கண்ணத் திறங்க," என்றேன். கட்டுப் போடும் முறைகள் பாடத்தை எடுத்தேன். குழந்தைகள் தினம் என்று ஆளுக்கொரு சாக்லேட்டும் கொடுத்தேன்.

ஏன் சொல்லவில்லை? வாய் இருந்தது. நேரமும் இருந்தது, பெல்லுக்கு இருபது நிமிடம் இருந்தது.

நவம்பர் 15, சனி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். மின்வாரிய ஆபீசில் முப்பது வருடம் பைல்களோடு இருந்தவர் வெங்கடாசலம். எதையும் கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் பேசுவார்.

"அந்தப் பொண்ணு உன்னக் குத்தம் சொல்லுச்சா?"

"இல்லைங்க. தன்னைத்தான் சொல்லிக்குது."

"அவங்க அப்பா?"

"இல்ல."

"அப்புறம் நீ எதுக்குக் கலா தானா போயி மாட்டிக்கினு பேஜாராவுற? வகுப்புல சரி பண்ணிடு. அந்த அம்மாதான் பொழச்சிக்கிச்சே."

வகுப்பில் சரி பண்ணிவிடலாம். ஒரே நாள் வேலை. திசையை மாற்றி நில்லுங்கள் என்றால் தீர்ந்தது, ஏன் என்று ஒருத்தியும் கேட்க மாட்டாள். கேட்கிற பெண் ஒருத்திதான். அவள் ஏற்கெனவே கேட்டுவிட்டாள்.

பாத்திரத்தைத் தேய்த்ததையே திரும்பத் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

நவம்பர் 17, திங்கள்

முண்டியம்பாக்கம் வரும்போது பஸ்ஸில் ஆஸ்பத்திரி தெரிகிற பக்கம் ஜன்னல் சீட். எழுந்து இந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

தலைவலி என்று விளையாட்டை நிறுத்திவைத்தேன். தேவயானி மட்டும், "மலக்குடலா வேணும்னாலும் நிக்கிறேன் மிஸ், வாங்க மிஸ்," என்றாள்.

நவம்பர் 19, புதன்

மழை. லீவு. வீட்டுக்குள்ளேயே நடந்தேன்.

நவம்பர் 20, வியாழன்

அப்பாதுரை பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். டி.சி. வேண்டுமாம். மேடம் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"நான் வேணாம்னு சொல்லலைங்க," என்றார் அவர். வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார், மடிப்புக்கூடக் கலையாத சட்டை. "அதுதான் போவ மாட்டேன்னு ஒக்காந்துகினு இருக்குது. புக்கையெல்லாம் கட்டிப் பரண்ல போட்டுட்சி. அவங்க அம்மா கூடவே கூடை தூக்குறேன்னு சொல்லுது. நானும் இன்னா சொல்றது? ஊர்ல எல்லாம் நர்சம்மா நர்சம்மான்னு கூப்ட்டாங்க, இப்ப அதையே வேற மாதிரி கூப்புடறாங்க."

"இன்னும் நாலு மாசந்தான் அப்பாதுரை," என்றார் மேடம். "சூர்யகலா டீச்சர் வந்து பேசுவாங்க. அவங்க சொன்னா கேப்பா."

அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "நீங்க சொன்னா கேக்கும்ங்க. உங்க பேச்சுன்னா அதுக்கு வேதம்."

நானும் திரும்பிக் கும்பிட்டேன். கையை இறக்கத் தெரியாமல் நின்றேன்.

நவம்பர் 21, வெள்ளி

சொல்லிவிட்டேன். எழுதி முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு இதையே வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

சாயங்காலம் இறங்கினேன். கெங்கம்மாள் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், டியூபை எடுத்துவிட்டார்கள். அருணா பிளாஸ்க்கில் பாலை ஆற்றிக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் இருக்கட்டும் என்று காத்திருந்து, அப்பாதுரை டீ வாங்கி வந்ததும் ஆரம்பித்தேன். படம், தரை, கரும்பலகை, ஜன்னல். விளக்க விளக்க எனக்கே அது சாக்குப்போக்கு மாதிரி கேட்டது. கடைசியில் விளக்கத்தை விட்டுவிட்டேன். "அருணா தப்பா படிக்கல. நான் தப்பா நிக்க வெச்சேன். அவ மட்டும் இல்ல, இருபத்துமூணு பேரு அப்படித்தான் படிச்சிருக்காங்க. போன வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும். ஒரு வாரமா இந்த வாசலத் தாண்டிப் போய்க்கினு இருந்தேன்."

அப்பாதுரை டீ டம்ளரைக் கட்டில் மேல் வைத்தார், எடுத்தார், தரையில் வைத்தார்.

கெங்கம்மாள்தான் பேசினார். மெதுவாக, மூச்சை இழுத்து இழுத்து. "நீ சொன்னத அது நம்பிச்சி. அது சொன்னத நான் நம்புனேன். அவ்ளோதான் போ." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வலி எனக்குத்தான டீச்சரு இருந்துச்சி. நானுல்ல எழுந்து போயிருக்கணும்," என்றார்.

அது எனக்கு ஆறுதலாகச் சொன்னதா, வேறு எதற்காகவோ சொன்னதா, தெரியவில்லை.

அருணா என்னைப் பார்க்கவே இல்லை. பிளாஸ்க்கை மூடினாள். திருகி, இன்னும் திருகி. "அன்னிக்கே கேட்டேன் மிஸ்," என்றாள்.

"ஆமா."

"நெஞ்சில கை வெச்சிப் பாத்துட்டுத்தான் கேட்டேன்."

"ஆமா. கேட்ட."

"எல்லாரும் சிரிச்சாங்க."

"நானும் சிரிச்சேன்."

பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

நவம்பர் 24, திங்கள்

வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். மறுபடி கண்ணை மூடச் சொல்லி, அவரவர் கை எங்கே இருக்கிறது என்று அவரவரே திறந்து பார்க்கவைத்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. தேவயானி மட்டும், "அப்ப நான் இவ்ளோ நாளு நெஞ்ச எங்க வெச்சிக்கினு இருந்தேன்," என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

மேடம் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "வகுப்புல சொன்னது சரி. இருபத்தெட்டாம் தேதி இத எதுக்கும்மா பேசணும்? நல்லா போன விளையாட்ட நல்லா காட்டிட்டு வாங்க."

டி.சி. விண்ணப்பம் அவர் மேஜைக் கண்ணாடிக்குக் கீழே இருந்தது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

மாவட்டப் பயிற்சி. நாற்பது ஆசிரியர்கள். வீடியோ ஓடி முடிந்ததும் கை தட்டினார்கள். தட்டி முடிக்கட்டும் என்று இருந்து, இந்த விளையாட்டில் ஒரு பெரிய தப்பு இருக்கிறது, அதனால் ஓர் அம்மாவின் உயிர் போகப் பார்த்தது என்று சொன்னேன். நான்கைந்து பேர் செல்போனைக் கீழே வைத்தார்கள். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆசிரியை தன் நோட்டைத் திருப்பி என்னிடம் காட்டினார். அவரும் தன் பள்ளியில் அதே மாதிரி தரையில் வரைந்து, அதே மாதிரி நிறுத்திக்கொண்டிருக்கிறார்.

சவுரியம்மாள் மேடம் திரும்பும்போது என்னோடு பேசவில்லை. கார் கிளம்பும்போது மட்டும் கண்ணாடியை இறக்கி, "குடை எடுத்துக்கினீங்களா?" என்றார்.

டிசம்பர் 3, புதன்

கெங்கம்மாளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். தேவயானி சொன்னாள். அருணா வருகிறாளா என்று கேட்டேன்.

"தெரியல மிஸ். போன் பண்ணா அவங்க அம்மாதான் எடுக்கறாங்க. கூடை தூக்க மட்டும் விட மாட்டேன்னு சொல்லிட்டாங்களாம்."

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது இன்னும் தலை தானாகவே திரும்புகிறது. அங்கே யாரும் இல்லை இப்போது.

டிசம்பர் 8, திங்கள்

நாளை மறுநாள் அரையாண்டு. கடைசித் திருப்புதல்.

வருகைப் பதிவில் அருணா பெயருக்கு நேராக ஆப்சென்ட் போடப் பேனாவை வைத்தேன். "வந்திருக்கறா மிஸ்," என்றார்கள். பின்பெஞ்சில் இருந்தாள். கட்டிப் போட்ட புத்தகத்தின் கயிற்றுத் தடம் இன்னும் அட்டைகளில் இருந்தது. என்னைப் பார்த்து எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

சாப்பாட்டுக்கு அப்புறம் பெஞ்சுகளை ஓரம் தள்ளினோம். நான் எல்லாரையும் பின்சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னேன். ஒரு வாரமாக அப்படித்தான் ஆடுகிறோம். அருணா மட்டும் கோட்டுக்கு வெளியே நின்றாள்.

"அப்படித் திரும்புனாலும் மறந்துடுவாங்க மிஸ்," என்றாள். பதினேழு நாளுக்கு அப்புறம் என்னிடம் பேசிய முதல் பேச்சு. "ஒரு ஆளு படுக்கணும். படுத்திருக்கறவங்கள கேக்கணும். உங்க வலது கைய தூக்குங்கன்னு மொதல்ல கேட்டுட்டு அப்புறந்தான் உள்ள போவணும். எங்க அம்மாவ அப்படித்தான் டாக்டருங்க தெனமும் கேட்டாங்க, எந்தப் பக்கம்மா வலிக்குதுன்னு."

"சரி. யார் படுக்கறது?"

ஒருத்தியும் அசையவில்லை. தேவயானி வாயைத் திறந்தாள், அருணா அவளைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

"நீங்க படுங்க மிஸ்," என்றாள் அருணா.

செருப்பைக் கழற்றினேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தேன். புடவையைக் கணுக்கால்வரை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்தப் பன்னிரண்டு அடிப் பச்சை உடம்பின் நடுவில் மல்லாந்து படுத்தேன். சிமெண்டு சில்லென்றிருந்தது. அவ்வளவு பெரிய உடம்புக்குள் நான் ஒரு மூலைக்குக்கூடக் காணமாட்டேன் போலிருந்தது. சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். கண்ணாடி இல்லாமல் எல்லா முகமும் கலங்கலாகத் தெரிந்தது.

அருணா என் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"உங்க வலது கைய தூக்குங்க மிஸ்."

தூக்கினேன். ஜன்னல் பக்கம்.

"இது உங்க வலதுதான?"

"ஆமா."

"நல்லா யோசிச்சிச் சொல்லுங்க."

"வலதுதான்."

இடுப்பு எலும்புக்கும் தொப்புளுக்கும் நடுவில், அந்தப் பக்கமாக, இரண்டு விரலை வைத்து மெல்ல அழுத்தினாள். வார்டில் அவளுடைய அம்மாவை அழுத்திப் பார்த்தவர்களிடம் பார்த்திருப்பாள். அழுத்தும்போது கையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

விரலை எடுக்கவில்லை. திரும்பி மற்றவர்களைப் பார்த்து, "ஒவ்வொருத்தரா வாங்க," என்றாள். "மொதல்ல மிஸ்ஸ கேளுங்க. அப்புறம் தொடுங்க."

வரிசையில் வந்தார்கள். இருபத்தெட்டு முறை வலது கையைத் தூக்கினேன்.